வாசற்பாதையில் கிரான் கிளைகள்

ஹேர்னிங் என்ற டேனிஷ் நகருக்கு வெளியே இயங்கும் ஒரு சிறிய நிறுவனத்தில், புதிதாக வேலைக்குச் சேரும் எவருக்கும் கையுறையும் காலணியும் கொடுக்கும்போதே ஓர் அறிவுரையும் கொடுக்கிறார்கள்: “வீட்டுக்காரர் கேட்காமல் கிரான் கிளை வெட்டாதே.” கிரான் என்பது இந்நாட்டார் கிறிஸ்துமஸ் காலத்தில் நத்தார் மரமாக வீட்டுக்குள் நிறுத்தும் ஊசியிலை மரம். நிறுவனத்தின் தொழிலோ வீடுகளின் அஸ்பால்ட் வாசற்பாதைகளுக்குக் காப்புப் பூச்சுப் பூசுவது. அதில் மரக்கிளைக்கு என்ன வேலை என்று புதியவர்கள் திகைப்பார்கள். சொன்னவர் சிரித்துவிட்டு, “அதை நாதனிடம் கேள்” என்பார்.

அந்த நாதன் நான்தான். ஓய்வு பெற்றபின் சென்ற வசந்தத்தில் என்னைக் காப்பி குடிக்க அழைத்திருந்தார்கள். இப்போது ஒரு குழுவுக்குத் தலைமை தாங்குபவள் சுஜீவா. இந்நாட்டில் பிறந்த தமிழ்ப் பெண். கோப்பையை என் முன் வைத்துவிட்டு அவள் கேட்டாள்:

“அங்கிள், அந்தக் கிரான் கதை மெய்யோ, இல்லாட்டி இவை சும்மா சொல்லுகினமோ?”

“மெய்தான்.”

“அப்ப எழுதித் தாங்கோ. டேனிஷில வேண்டாம், தமிழில. நான் மெல்ல மெல்ல வாசிப்பன்.”

மெல்ல வாசிப்பேன் என்று சொல்பவருக்கு எழுதுவதில் தனி மகிழ்ச்சி உண்டு. ஆகவே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் இலக்கணமும் யாப்பும் முறையாகக் கற்று, தமிழாசிரியர் பணிக்காகக் காத்திருந்தவன் நான். போர் அந்தக் காத்திருப்பை முடித்துவைத்தது. ஹேர்னிங்கில் முதலில் துணித் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. தறிகள் வேறு நாட்டுக்குப் போனபின் வெளியில் நின்று செய்யும் வேலையொன்றைத் தேடினேன். காரணம் பெரிதன்று, தொழிற்சாலையில் நான் நின்ற இடத்துக்குச் சன்னல் இல்லை. பயிற்சி என்று சொல்லத்தக்கது ஒரேயொரு கோடை. கூட்டினேன், பாசி சுரண்டினேன், வாளி தூக்கினேன். மீதியை எங்கள் குழுத் தலைவர் பிரேபன் செய்வதைப் பார்த்துக் கற்றேன். அவர் சொல்லிக் கற்றது மிகக் குறைவு, ஏனென்றால் அவர் சொல்வதே மிகக் குறைவு.

பிரேபன் நடு யூலாந்தின் மண்ணில் பிறந்து வளர்ந்தவர். அந்தப் பகுதியாருக்குப் புகழ்ச்சி கூச்சம் தரும். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் “அவ்வளவு மோசமில்லை” என்பதே அவர்களுடைய உச்சப் பாராட்டு. அவர்களது டேனிஷ், தலைநகரத்தாரின் டேனிஷ் அன்று. சொற்களைக் கடித்து விழுங்கிவிட்டு மிச்சத்தை மட்டும் வெளியே விடுவது போன்ற பேச்சு. அதை ஏட்டுத் தமிழில் எழுதினால் பொய்யாகிவிடும். ஆகையால் அவர்கள் பேசியதை எங்களூர்ப் பேச்சிலேயே இங்கே தருகிறேன். அதுவே அதற்கு மிக நெருக்கமானது.

தொழிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அஸ்பால்ட் என்பது தாரால் பிணைக்கப்பட்ட கல். வெயிலும் காற்றும் தாரின் நெய்ப்பை ஆண்டுதோறும் சிறிது சிறிதாக எடுத்துக்கொள்ள, கறுப்பு சாம்பலாகிறது. மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றுகின்றன. வெடிப்பில் இறங்கிய நீர் உறைந்து விரிந்தால் வெடிப்பு வாய் திறக்கும். மாரியில் உறைபனி கரையத் தூவும் உப்பு அந்த வாயை மூடவிடாது. இதற்கு முன்னரே, பாதை உறுதியாக இருக்கும்போதே, நீரில் கரைத்த தார்க்குழம்பை இரண்டு மெல்லிய படைகளாகப் பூசிவிட்டால் நீர் உள்ளே இறங்காது. உடைந்ததை இந்தப் பூச்சு ஒட்டவைக்காது. ஒருமுறை கல்லெல்லாம் கழன்றுபோன பாதையொன்றைக் காட்டி, பூசித் தரும்படி ஒருவர் கேட்டபோது பிரேபன் தலையசைத்துச் சொன்னார்:

“நல்லா இருக்கேக்கைதான் இதைப் பூசவேணும். கெட்டாப்பிறகு பூசினால் அது பூச்சில்லை, ஒளிப்பு.”

அந்த வேலையை அவர் ஏற்கவில்லை.

ஒரு வீட்டுக்குப் போனால் வண்டியிலிருந்து எதையும் அவர் உடனே இறக்கவிடமாட்டார். முதலில் ஒரு முழங்காலை மடித்து இருந்து, வலக்கையின் உறையைக் கழற்றிப் புறங்கையைப் பாதையில் வைப்பார். வெப்பமானி அவருடைய சட்டைப்பையில் இருக்கும். அதைப் பிறகுதான் எடுப்பார். அடுத்து, ஒரு போத்தலில் இருந்து சிறிது நீரை ஊற்றி, அது என்ன செய்கிறது என்று பார்த்திருப்பார். நீர் பரவி இறங்கினால் பாதை பூச்சை ஏற்கும். முத்துமுத்தாகத் திரண்டு நின்றால் அங்கே எண்ணெய் சிந்தியிருக்கிறது. அந்த இடத்தைக் கழுவித் தேய்க்காமல் பூசினால் பூச்சு தோலாக உரியும்.

பின்பு கதவைத் தட்டி ஒரு கேள்வி கேட்பார். எந்த வீட்டிலும் அதே கேள்விதான்.

“நாளையிண்டைக்கு விடியுமட்டும் இந்தப் பாதையால ஆர் வெளியில போகவேணும்? ஆர் உள்ளுக்கு வரவேணும்?”

எவரும் முதலில் “ஒருத்தருமில்லை” என்றே சொல்வார்கள். அவர் போகமாட்டார். தொப்பியைக் கையில் பிடித்தபடி பேசாமல் நிற்பார். அந்தப் பேச்சின்மையில் வீட்டுக்காரருக்கு ஒவ்வொன்றாக நினைவு வரும்: காலையில் பத்திரிகை கொண்டுவரும் பெண், மகளின் குதிரையை ஏற்றிவரும் வண்டி, பூனை. “பூனையும் ஆள்தான்” என்பார் பிரேபன். பூனையைக் கூடத்தில் அடைக்கச் சொல்லிவிட்டுத்தான் வேலை தொடங்கும். களையும் பாசியும் அகற்றி, வெடிப்புகளை நிரப்பி, ஓரங்களுக்கு நாடா ஒட்டி, குழம்பை ஊற்றி, நீண்ட பிடியின் அடியில் இறப்பர் பட்டி வைத்த தள்ளுகோலால் இழுத்துப் பரப்புவோம். எப்போதும் வீட்டிலிருந்து தெருவை நோக்கி, பின்னடியாக. மாறிச் செய்தால் பூசியவன் வீட்டோடு சிறைப்படுவான்.

எங்கள் குழுவில் மூன்றாமவர் தாசன், மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கர், என்னிலும் இளையவர், வாய் ஓயாதவர். பிரேபன் பேசாமல் விட்டதையெல்லாம் அவர் பேசித் தீர்த்தார். இவர்கள் இருவருக்கும் நடுவில் வேலை செய்தது என் நற்பேறு.

கிரான் கதைக்கு முன் தேசிக்காய்க் கதையைச் சொல்லவேண்டும். ஹேர்னிங்கில் ஒரு தமிழர் வீட்டுக்குப் போயிருந்தோம். பிரேபன் வழக்கம்போல் நீரை ஊற்றிவிட்டு நெடுநேரம் எழும்பவில்லை. பாதையில் நான்கு வெளிறிய கறைகள் செவ்வகத்தின் நான்கு மூலைகள் போல இருந்தன. அவற்றுக்கு முன்னால், நடுவில், பெரிய நாணயத்தின் அளவில் உருகிக் கரிந்த ஒரு குழி.

“நாலு சில்லாலையும் ஒழுகிற கார் என்ன கார்?” என்று கேட்டார்.

தாசன் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். “அண்ணை, இது உங்கட பகுதி. நீங்களே சொல்லுங்கோ.”

புதுக் கார் வாங்கினால் நான்கு சில்லுகளின் கீழும் தேசிக்காய் வைத்து ஏற்றி நசிப்போம் என்றும், முன்னால் கற்பூரம் கொளுத்துவோம் என்றும், வண்டியில் போவோர் சுகமாகத் திரும்பிவர வேண்டுமென்பதே அதன் கருத்து என்றும் விளக்கினேன். சாறு கல்லை வெளிறவைத்திருந்தது. கற்பூரம் தாரை இளக்கியிருந்தது. பிரேபன் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“திரும்பி வந்தினமோ?”

“ஓம். எல்லாரும் சுகமா இருக்கினம்.”

“அப்ப குழியை நிரப்பினால் காணும்” என்றார்.

அதன்பின் தமிழர் வீடுகளில் மட்டும் தமது கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார்: “புதுக் கார் வாங்கிற யோசனை இருக்கோ? இருந்தால் முதல்ல வாங்குங்கோ.” அவர் முகத்தில் சிரிப்பிருக்காது. எங்களவர்களோ அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவருக்குத் தேத்தண்ணியும் வடையும் கொடுக்காமல் விட்டதில்லை.

இனி, சுஜீவா கேட்டதற்கு வருகிறேன்.

செப்டெம்பர் முடிகிற காலம். வெயில் இளைத்து, பூசக்கூடிய நாட்கள் விரலுக்குள் அடங்கிவிட்டன. நகருக்கு வெளியே ஒரு பழைய பண்ணைவீடு. வீட்டுக்காரி இங்கர், முதியவர், நிமிர்ந்த நடையுடையவர். கணவர் ஆக்ஸல் பல வாரங்களாக மருத்துவமனையில் இருந்தார். இனிச் செய்வதற்கொன்றுமில்லை, வீட்டிலேயே இருக்கட்டும் என்று மருத்துவர்கள் முடிவுசெய்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை அவரைக் கொண்டுவருவதாக ஏற்பாடு. அந்த வாசற்பாதையை ஆக்ஸல் தம் கையால் பல ஆண்டுகள் பேணியவர். நோய் வந்தபின் அது நரைத்துப்போனதைப் பார்த்து, படுக்கையிலிருந்தும் அதைப் பற்றியே முறையிட்டாராம்.

“அவர் வரேக்கை அது கறுப்பா இருக்கவேணும்” என்றார் இங்கர். “அதுக்குமேல நான் அவருக்குச் செய்யக்கூடியது ஒண்டுமில்லை.”

அது புதன்கிழமை. பிரேபன் தம் கேள்வியைக் கேட்டார். “ஒருத்தருமில்லை, வெள்ளிக்கிழமை மட்டும்” என்றார் இங்கர். பிரேபன் தொப்பியைப் பிடித்தபடி வழக்கத்திலும் நீளமாக நின்றார். இங்கர் எண்ணிப்பார்த்துவிட்டு மீண்டும் சொன்னார்: “ஒருத்தருமில்லை.”

பாதை நீளமானது. ஒரு பக்கம் ஆழமான வடிகால். மறுபக்கம் அடர்ந்த முள்வேலி. வீட்டின் பின்னால் உழுதுவிட்ட வயலும், காற்றைத் தடுக்க வரிசையாக நட்ட கிரான் மரங்களும். காலையில் முதற்படை பூசினோம். அது காய்ந்ததும் வீட்டுப் படியிலிருந்து இரண்டாம் படையைத் தொடங்கித் தெருவை எட்டும் தறுவாயில் இருந்தோம். அப்போது பிரேபனின் கைப்பேசி ஒலித்தது. இங்கர்தான். பாதையின் மறுமுனையில், சமையலறைச் சன்னலில், காதில் தொலைபேசியோடு நிற்பது எங்களுக்குத் தெரிந்தது. பிரேபன் கைப்பேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடிப்பவர், எல்லாம் கேட்டது.

“வெள்ளிக்கிழமை வாகனம் இல்லையாம். இண்டைக்குத்தான் இருக்காம். வெளிக்கிட்டிட்டினம்.”

“ஆக்ஸலோ?”

“ஆக்ஸல்தான். இன்னொரு இரவு அங்க படுக்கமாட்டன் எண்டு நிண்டிட்டாராம்.”

சன்னலில் அவர் தம் நெற்றியைக் கண்ணாடியில் சாய்ப்பது தெரிந்தது. எங்களுக்கும் அவருக்கும் நடுவில், வெயிலில் மின்னிக்கொண்டு, அன்றைய எங்கள் வேலை முழுவதும் ஈரமாகக் கிடந்தது.

ஈரத் தார்க்குழம்பு சோப்பு போல வழுக்கும். பாரம் தூக்கியவன் அதன்மேல் நடக்கக்கூடாது. வயலால் கொண்டுபோவதென்றால் உழுத மண்ணில் கால் புதையும். வடிகால் ஓரத்தால் ஓராள் மட்டும் ஒருக்களித்து நடக்கலாம், தூக்குப்படுக்கை போகாது. நோயாளியைத் தெருவோரத்தில், வாகனத்துக்குள், பூச்சுக் காயும்வரை வைத்திருப்பதை எவரும் வாயெடுத்துச் சொல்லவில்லை. பூச்சுக் கெட்டுப்போகும் என்பதையும் எவரும் சொல்லவில்லை.

பிரேபன் வண்டியில் ஏறினார். “பக்கத்துப் பண்ணையில பலகை கிடக்குது. கொண்டுவாறன். பலகை இந்த ஈரத்தில நிக்காது, சறுக்கும். அதுக்கு அடியில என்னவும் போடவேணும். மண் மட்டும் வேண்டாம். பாருங்கோ.” போய்விட்டார்.

என்ன போடுவதென்று எனக்கு உடனே தோன்றிற்று. எங்களூரில் மாரி மழையில் படலையடி சேறானால் ஓலையை வெட்டிப் போட்டுத்தான் நடப்போம். இங்கே ஓலையில்லை, கிரான் இருந்தது. வேலியோரம் கத்தரிப்பதற்கான பெரிய கத்தரிக்கோல் எங்களிடம் எப்போதும் உண்டு. வடிகால் ஓரமாக ஒருக்களித்து நடந்து வீட்டருகே போனேன். தாசன் பின்னால் வந்தார். சன்னலில் நின்ற இங்கரிடம் மரங்களைக் காட்டி, வெட்டலாமா என்று கையசைத்தேன். அவர் தொலைபேசியில் யாரிடமோ பேசிக்கொண்டு தலையாட்டினார். நான் என்ன கேட்டேன் என்று அவர் கவனித்திருக்க மாட்டார் என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது.

தாழ்ந்த கிளைகளாகப் பார்த்து வெட்டினோம். தாசன் சுமந்து தந்தார். நான் படியிலிருந்து தொடங்கி, தெருவை நோக்கி, கிடுகு வேய்வதுபோல் ஒன்றின் அடியை மற்றொன்றின் நுனி மூடும்படி அடுக்கினேன். அழகாகவே வந்தது. வேலை ஒழுங்காக வரும்போது உண்டாகும் அமைதி எனக்குள் இருந்தது.

கதவு திறந்தது. இங்கர் படியில் நின்றார். கிளைகளைப் பார்த்தார். ஒரு கை கதவுநிலையைப் பற்றிக்கொண்டது.

“அவர் இன்னும் சாகேல்லை” என்றார்.

சொற்கள் எனக்கு விளங்கின. அவை ஏன் என்னிடம் சொல்லப்படுகின்றன என்பது விளங்கவில்லை. கையில் ஒரு கிளையோடு நின்றேன். பின்னால் தாசன் குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணை... செத்த வீட்டு வாசல்லதான் இதைப் போடுறவை. பெட்டி போற வழியில. சேர்ச்சடியிலயும் நான் கண்டனான்.”

“இப்பவோ சொல்லுறீர்?”

“இப்பதான் எனக்கும் ஓடி வெளிச்சது.”

நான் எந்த ஊரிலிருந்து வந்தவன்? குருத்தோலைத் தோரணத்தின் மடிப்பு ஒரு விதமாக இருந்தால் மங்கலம், இன்னொரு விதமாக இருந்தால் இழவு என்று சிறுவருக்கும் தெரிந்த ஊரிலிருந்து. இலைக்கும் கிளைக்கும் ஒரு நாட்டில் பொருள் உண்டென்றால் இன்னொரு நாட்டிலும் இருக்கும் என்று நான் எண்ணவில்லை. தெரியாமல் செய்தேன் என்று இங்கரிடம் சொன்னேன். சொல்லும்போது என் டேனிஷ் சிதறிற்று. குனிந்து முதற்கிளையை இழுத்தேன். அது பூச்சில் ஒட்டியிருந்தது. இழுக்க, கறுப்பு இழைகள் நூலாக நீண்டு வந்தன. ஊசிகள் கழன்று பூச்சிலேயே பதிந்தன. எடுக்க எடுக்க இன்னும் மோசமாயிற்று.

தெருமுனையில் எங்கள் வண்டி வந்து நின்றது. பிரேபன் பலகையொன்றைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினார். நிமிர்ந்து பார்த்தார். வீட்டு வாசலில் கிரான் கிளைகள், படியில் இங்கர், தலை குனிந்தபடி நாங்கள் இருவர். அவர் பலகையை மெதுவாகத் தரையில் வைத்தார். பின்பு தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

அவர் என்ன நினைத்தார் என்பது எங்கள் மூவருக்கும் ஒரே கணத்தில் விளங்கிற்று. இங்கர் பாதையின் முழுநீளத்துக்கும் கேட்கும்படி கூவினார்:

“தொப்பியைப் போடும், பிரேபன். ஆள் வந்துகொண்டிருக்கிறார்.”

சொல்லி முடித்ததும் அவர் வாய் கோணிற்று. அழுகையா சிரிப்பா என்று அவருக்கே தெரிந்திராது. பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். “விடும். இழுக்காதையும். கொண்டுவரட்டும், விழாமல் கொண்டுவந்தால் காணும். மிச்சத்தையும் போடும்.”

மிச்சத்தையும் போட்டேன். தாசனும் பிரேபனும் கிளைகள்மேல் பலகைகளை வரிசையாக வைத்தார்கள். கடைசிப் பலகையை வைக்கும்போது மருத்துவமனை வாகனம் தெருவில் திரும்பியது.

ஆக்ஸல் மிக மெலிந்திருந்தார். வாகனத்தில் வந்த இருவர் தூக்குப்படுக்கையை முன்னும் பின்னும் பிடிக்க, நாங்கள் பக்கங்களைத் தாங்கினோம். ஓரடி ஓரடியாகப் பலகைமேல் நடந்தோம். வேறெந்தச் சுமையையும் நான் அவ்வளவு கவனமாகத் தூக்கியதில்லை. பாதி வழியில் ஆக்ஸல் தலையைச் சற்றே திருப்பினார். பச்சைக் கிரானின் வாசம் அவரை எட்டியிருக்க வேண்டும். பலகைகளின் இருபுறமும் நீண்டுகிடந்த கிளைகளைப் பார்த்தார்; அவற்றுக்கப்பால் கறுத்து மின்னிய பாதையைப் பார்த்தார்.

“கொஞ்சம் வெள்ளனப் போட்டிட்டியள் போல” என்றார் ஆக்ஸல்.

படியில் நின்ற இங்கர் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். பின்னால் பிடித்திருந்த மருத்துவமனைக்காரர் சிரிப்பில் அடி தவறிவிடாமல் ஒருகணம் நின்று, பிறகு நடந்தார்.

திரும்பும் வழியில் ஹேர்னிங்கின் முதல் விளக்குகள் தெரிந்தபோது பிரேபன் சொன்னார்: “ஒருத்தரும் வழுக்கேல்லை.” இன்னும் சிறிது தூரம் போனபின், “அவ்வளவு மோசமில்லை” என்றார். அவரிடமிருந்து நான் அந்தச் சொற்களைப் பெற்ற தருணங்களுள் வேறெதுவும் எனக்கு இவ்வளவு ஆறுதல் தந்ததில்லை.

மறுநாள் பூச்சுக் காய்ந்ததும் கிளைகளை அகற்றப் போனோம். ஆக்ஸலின் கட்டிலைப் பாதையைப் பார்த்த சன்னலோரம் போட்டிருந்தார்கள். நான் முழங்காலிட்டு ஊசிகளைப் பொறுக்கிக்கொண்டிருக்க, சன்னல் திறந்தது.

“நீரோ அதைப் போட்டது?”

“ஓம். மன்னிக்கவேணும்.”

“உங்கட நாட்டில வாசல்ல கிளை போட்டால் என்ன அர்த்தம்?”

“சேறு எண்டு அர்த்தம்.”

அவர் சிரிக்கத் தொடங்கி இருமலில் முடித்தார். உள்ளிருந்து இங்கர் கடிந்துகொண்டார். இருமல் அடங்கியபின் ஆக்ஸல் படியருகே விரலை நீட்டினார். அங்கே, நான் முதலில் அடுக்கிய கிளைகளின் ஊசித்தடங்கள், மீன்முள்ளுப் போல வரிவரியாகப் பூச்சில் பதிந்திருந்தன. வசந்தத்தில் வந்து அதைச் சீராக்கித் தருவதாகப் பிரேபன் வாக்களித்திருந்தார்.

“அதைத் தொடவேண்டாம்” என்றார் ஆக்ஸல். “மிச்சத்தைச் செய்யுங்கோ. அது கிடக்கட்டும். எனக்குப் பார்க்க ஒண்டு வேணும்.”

அந்த மாரி முழுவதும் அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று இங்கர் பிறகு சொன்னார். மருத்துவர்கள் எதிர்பார்த்ததிலும் நெடுங்காலம் அவர் இருந்தார். பாதை கறுப்பாக, நீர் இறங்காமல், பனியைத் தாங்கிற்று. வந்துபோனவர்களிடமெல்லாம் தடத்தைக் காட்டி, தமக்கு முன்கூட்டியே மரியாதை செய்யப்பட்டுவிட்டதாகச் சொல்லுவாராம். கதை அப்படித்தான் ஊரெல்லாம் பரவி, எங்கள் நிறுவனத்துக்கும் திரும்பி வந்தது. அறிவுரை பிறந்தது.

சுஜீவா, அந்த அறிவுரையைச் சொல்லும்போது எல்லாரும் “வெட்டாதே” என்பதில்தான் அழுத்தம் கொடுக்கிறார்கள். “கேட்காமல்” என்ற சொல் ஏன் அதில் இருக்கிறதென்று நீ கேட்கவில்லை. அதையும் எழுதினால்தான் கதை முழுமையாகும்.

பனி உருகி, வடிகாலில் நீரோடும் ஓசை கேட்கத் தொடங்கிய நாட்களில், ஒரு காலை பிரேபன் பட்டறைக்குள் வந்து என்னருகே நின்றார். தொப்பி கையில் இருந்தது.

“இங்கர் போன் எடுத்தவ. கிரான் வெட்டுறவனை அனுப்பட்டாம்.”

நானும் தாசனும் பிரேபனும் போனோம். வீட்டு முற்றத்தில் கொடி அரைக்கம்பத்தில் இருந்தது. பின்வரிசை மரங்களில் தாழ்ந்த கிளைகளை, முன்பு வெட்டிய தழும்புகளுக்குப் பக்கத்திலேயே வெட்டினேன். இம்முறை எவரும் அவசரப்படுத்தவில்லை. பாதை காய்ந்து உறுதியாக இருந்தது. எப்படிப் போடுவது என்று பிரேபனிடம் கேட்டேன். இந்நாட்டார் சிறு சிறு துண்டுகளாகத் தூவுவதே வழக்கம் என்றார். பிறகு, “நீ போட்டமாதிரியே போடு” என்றார்.

படியிலிருந்து தொடங்கினேன். வீட்டிலிருந்து தெருவை நோக்கி, பின்னடியாக, ஒன்றின் அடியை மற்றொன்றின் நுனி மூட. படியருகே பழைய தடங்கள் அப்படியே இருந்தன. அவற்றின்மேல் புதிய கிளையை வைக்கக் கை தயங்கியபோது கதவு திறந்தது. இங்கர் கறுப்பு உடையில், நிமிர்ந்து நின்றார்.

“அதுக்கு மேலயும் போடும்” என்றார். நான் போட்டேன். அவர் தெருமுனைவரை ஒருமுறை பார்த்தார்.

“இந்தமுறை நேரம் சரி” என்றார்.

எனக்கு இந்நாடு வீடும் வேலையும் குடியுரிமையும் தந்திருக்கிறது. அவற்றுக்கெல்லாம் நான் நன்றியுடையவன். ஆனால் தன் வீட்டு வாசலில், தன் துயரத்தின் நாளில், இதைச் செய்ய நீ வா என்று என்னை ஒருவர் பெயர்சொல்லாமலே அடையாளம் சொல்லி அழைத்ததற்கு இணையாக வேறொன்றை எண்ணிப்பார்க்கிறேன், கிடைக்கவில்லை.

பெட்டியை ஏற்றிய கறுப்பு வாகனம் மெதுவாக நகர்ந்தது. சில்லுகளின் கீழ்க் கிரான் ஊசிகள் நொறுங்கும் ஓசையும், அதோடு எழுந்த வாசமும் எங்களைக் கடந்து தெருவுக்குப் போயின. பிரேபன் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். அன்று எவரும் அதைத் திரும்பப் போடச் சொல்லவில்லை.